இரண்டு தடவை தட்டினான்

மகன்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நான்கு தரம் வாசித்துவிட்டேன். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ இரண்டு சொல்வாய், பிறகு லைன் போய்விடும், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். காலையில் ஆரம்பித்தது, இதற்குள் மூன்று தரம் எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தாயிற்று. இருப்புக்கொள்ளவில்லை. அம்மா இருந்திருந்தால், "உக்காந்து எழுதுங்க, இல்லாட்டி பேனாவ வச்சிட்டு நடங்க, ரெண்டையும் ஒண்ணா செய்யாதீங்க" என்று சொல்லியிருப்பாள். அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கடிதத்தில் இருப்பதை நம் வீட்டில் அவள் ஒருத்திதான் அறிந்திருந்தாள். இனி நீயும் அறிந்திருக்க வேண்டும்.

புறக்கோட்டை பஸ் நிலையத்தில் ஒருவன் உன் சட்டையைப் பிடித்து இழுத்ததையும், நீ அவன் இடுப்பைக் கட்டித் தரையில் சாய்த்து, மேலே ஏறி, கழுத்தைக் கையால் பூட்டி, பொலிஸ்காரர் வரும்வரை அசையவிடாமல் வைத்திருந்ததையும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். உன்னைவிட உயரமானவன், கனமானவன் என்கிறாய். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள் என்கிறாய். உன் ஞாயிற்றுக்கிழமை ஜூடோ வகுப்பு மாஸ்டர் சொன்னது சரிதான், நின்றுகொண்டு அடி வாங்குவதைவிட ஆளைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டால் சின்ன ஆளும் பெரிய ஆளை ஜெயிக்கலாம் என்கிறாய். கடைசியில், "எண்பத்து மூணுல நீங்க செஞ்சதத்தான் நானும் செஞ்சேன் அப்பா" என்று முடித்திருக்கிறாய். அந்தக் கடைசி வரிதான் என்னை வீட்டுக்குள் இருக்கவிடவில்லை.

கை தட்டியவர்களை நினைத்து நீ சந்தோஷப்படுகிறாய். எனக்கு அவர்களை நினைத்துத்தான் நடுக்கம். அந்தக் கூட்டத்தில் ஒருவன் உன் பேச்சைக் கேட்டு, நீ யார், எந்த ஊர், உன் பெயர் என்ன என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், அதே கைகள் என்ன செய்திருக்கும்? யுத்தம் நடக்கிற இந்தக் காலத்தில், கொழும்பில், தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு மனிதனின் மேல் ஏறிப் படுத்திருக்கிறாய். உன் இரண்டு கையும் அவன் கழுத்தில். உன் முகம் தரையைப் பார்த்து. உன் முதுகு ஊருக்கே திறந்து கிடக்கிறது. இன்னொன்றும் எழுதியிருக்கிறாய், போகிற போக்கில். அவன் ஏதோ சொல்லப் பார்த்தான், வாய் என் கையில் அழுந்தியிருந்ததால் கேட்கவில்லை என்று. என்ன சொல்லப் பார்த்தான்? அது உனக்குத் தெரிய வேண்டாமா? எனக்குத் தெரிய வேண்டும்போல் இருக்கிறது. ஏனென்று சொல்கிறேன்.

நீ கேட்டு வளர்ந்த கதையில் பாதி உண்மை. கலவரத்தில் அப்பாவைச் சண்டியன் ஒருவன் பின்னாலிருந்து தள்ளி விழுத்தினான், அப்பா தரையில் கிடந்தபடியே அவன் கையை உடைத்துவிட்டுத் தப்பி ஓடினார். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் நான் சொல்வேன், கேட்காவிட்டால் நீ கேட்க வைப்பாய். ஆறு வயதில் தலையணையை வைத்து அதை நடித்துக் காட்டுவாய். அந்தக் கதைதான் உன்னை ஜூடோ வகுப்புக்கு அனுப்பியது என்று எனக்குத் தெரியும். விழுந்தது உண்மை. கை உடைந்தது உண்மை. ஓடியது உண்மை. சண்டியன் என்பதுதான் பொய். அந்தக் கை விமலேயின் கை.

ஆமாம், உன் விமலே மாமாதான். பலாபத்வல விமலே மாமா. கலவரத்தில் அம்மாவை ஒளித்து வைத்திருந்தவர். வருஷப் பிறப்புக்கு அம்மா பலகாரம் கட்டிக்கொண்டு உன்னையும் கூட்டிப் போவாளே, அந்த வீட்டுக்காரர். நான் மட்டும் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது வேலை சொல்லி வீட்டில் நின்றுவிடுவேன். கடிதத்தை இங்கே மடித்து வைத்துவிட்டுக் கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வா. நானும் அதைத்தான் இப்போது செய்தேன்.

நானும் விமலேயும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், பள்ளிக்கூட வகுப்பில் இல்லை, ஜூடோ வகுப்பில். மாத்தளை டவுனில் ஒரு பாடசாலை மண்டபத்தில், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தார். சாக்குக்குள் தென்னந்தும்பை அடைத்து, மேலே படங்குத் துணியை விரித்துத் தைத்த மெத்தை. விழுந்தால் தூசி மூக்கில் ஏறும். நான் அப்போது மிளகு, கிராம்பு வாங்கும் ஒரு கிட்டங்கியில் தராசு வேலை. விமலே தச்சன், அவனுடைய சிங்கள ஊரில் எல்லோரும் விமலே பாஸ் என்பார்கள். என்னைவிட இருபது கிலோவாவது கனம். தரைக்குப் போய்விட்டால் அவன் மேலே, நான் கீழே, அதுதான் வழக்கம். பிறகு நான் கைப்பூட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். கீழே கிடந்தபடியே மேலே இருப்பவனின் கையைப் பிடித்து, இரண்டு காலையும் அவன் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, கையை நீட்டி இழுத்து இடுப்பை உயர்த்தினால் முழங்கை பின்பக்கமாக வளையும். வலி தாங்காதவன் கையால் இரண்டு தடவை தட்டுவான். மெத்தையிலோ, உன் உடம்பிலோ. தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். மாஸ்டர் முதல் நாள் சொல்லித் தந்தது அதுதான், மற்றதெல்லாம் பிறகு. விமலே எத்தனையோ ஞாயிறு என்னிடம் தட்டியிருக்கிறான். நான் விட்டிருக்கிறேன். பிறகு இரண்டு பேரும் பிளேன்டீ குடிக்கப் போவோம்.

எண்பத்து மூன்று ஜூலையில், அந்த நாள் மத்தியானம், டவுனில் தமிழர் கடைகள் எரியும் புகை தெரிந்தது. கிட்டங்கியை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்போது ஒரு சந்துக்குள் வாடகைக்கு இருந்தோம். நீ அம்மா வயிற்றில் ஆறு மாதம். வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா இல்லை. பக்கத்து வீடும் வெறிச்சோடிக் கிடந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு சந்தில் இறங்கி ஓடினேன். எந்தப் பக்கம் போகிறேன் என்று தெரியாமல் ஓடினேன். முனையில் கூட்டம் வரும் சத்தம் கேட்டது, நான் அந்தப் பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்போதுதான் பின்னாலிருந்து ஒருவன் என் இடுப்பில் பாய்ந்தான். சாக்கடைக் கானுக்குப் பக்கத்தில் முகம் குப்புற விழுந்தேன். மேலே பெரிய பாரம். காதுக்குள், "நெகிட்டின்ன எப்பா, நெகிட்டின்ன எப்பா" என்று ஒரு குரல். எழும்பாதே, எழும்பாதே என்கிறான், சிங்களத்தில்.

குரல் யாருடையது என்று தெரியவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். தெரியும் மகன். முதல் வார்த்தையிலேயே தெரியும். அந்தக் கனமும் தெரியும், எத்தனை ஞாயிறு அதற்குக் கீழே கிடந்திருக்கிறேன். நீயுமா என்று நினைத்தேன். என் வீட்டில் சாப்பிட்டவன், என் வீட்டு வழி தெரிந்தவன், இவன்தான் அவளை எங்கோ கொண்டுபோய்விட்டான் என்று நினைத்தேன். அவன் குத்திக்கொண்டிருந்தான். ஒரு குத்தும் என்மேல் விழவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் மண்ணில்தான் விழுந்துகொண்டிருந்தது. அவனுக்குக் குறி தவறுகிறது என்று நினைத்தேன். கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. அவன் ஒரு தமிழனை அடித்துக்கொண்டிருக்கிறான் என்று சத்தம் போட்டு அவனை உற்சாகப்படுத்திக்கொண்டே தாண்டிப் போனது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, அதன் அர்த்தம்தான் தலையில் ஏறவில்லை. நான் திரும்பிப் படுத்தேன். என் தலைக்குப் பக்கத்தில் ஊன்றியிருந்த அவன் இடது கையைப் பிடித்தேன். காலைப் போட்டேன். இழுத்தேன்.

விமலே தட்டினான். வலது கையால் என் தொடையில். ஒன்று. இரண்டு. ஞாயிற்றுக்கிழமை தட்டுவதுபோலவே தட்டினான். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது, இப்போதும் அந்த இடம் தெரிகிறது. நான் விடவில்லை. இடுப்பை உயர்த்தினேன்.

அவன் கத்திய சத்தத்தில்தான் தாண்டிப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று நான்கு பேர் ஓடி வந்தார்கள். என் இரண்டு கையும் இரண்டு காலும் விமலேயைச் சுற்றிப் பின்னிக் கிடந்தன. எழுந்து ஓட வேண்டுமென்றால் முதலில் என்னையே நான் அவிழ்க்க வேண்டும். அதற்குள் ஒரு கால் என் வலது காதில் விழுந்தது, பிறகு இன்னொன்று. உனக்கு நான் காய்ச்சலில் போன காது என்று சொல்லியிருக்கிறேனே, அந்தக் காது. அவ்வளவோடு முடிந்திருக்கும். முடிக்காமல் நிறுத்தியவன் விமலே. தொங்குகிற கையோடு எழுந்து நின்று, என்னைக் காட்டி, "இவன் முடிந்தான், கிட்டங்கிப் பக்கம் போங்கள், மற்றவர்கள் சாமானை அள்ளிக்கொண்டு போகிறார்கள்" என்று சிங்களத்தில் கத்தினான். அவர்கள் போனார்கள். பிறகு என்னிடம் தமிழில் சொன்னான்.

"ஒம் பொண்டாட்டி எங்கூட்ல இருக்கா. வேன்ல அனுப்பிட்டேன். ஒன்னத் தேடித்தான் நின்னேன். ஆத்துப் பக்கமாப் போ."

நான் போனேன். அவன் கையைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றில் இறங்கி, மறுகரையில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவரின் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய் விழுந்தேன். நாங்கள் அவரை நானா என்று கூப்பிடுவோம். அவர் என்னை மா மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்து, பிறகு அகதி முகாமாக இருந்த பாடசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மூன்றாம் நாள் விமலேயின் அம்மா உன் அம்மாவை வேனில் கொண்டுவந்து முகாமில் விட்டார்கள். அவள்தான் முதலில் பேசினாள்.

"விமலே அண்ணன் கை ஒடஞ்சிருச்சுங்க. பொல்லால அடிச்சிட்டாங்களாம். ரொம்ப வீங்கியிருக்கு."

நான் உடனே, "நானும் ஒருத்தன் கைய ஒடச்சேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. என்னைச் சுற்றி இருந்தவர்களும் கேட்டார்கள். எல்லோரும் அடி வாங்கிய கதையே சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், அடித்த கதை ஒன்று கிடைத்ததும் அவர்களுக்கு ஒரு தெம்பு. மேலும் சொல்லச் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தச் சண்டியனுக்கு மீசை முளைத்தது, கையில் கத்தி வந்தது. எல்லோரும் போன பிறகு அம்மா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்தக் கை?"

"எடது கை" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் பலகாரம் கட்டினாள்.

அந்த முழங்கை சரியாகப் பொருந்தவில்லை. இழைப்புளியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துத் தள்ள முடியாத தச்சனுக்கு என்ன வேலை? கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். பலாபத்வலயில் வெளிநாட்டுக்காரர் வந்து பார்க்கும் வாசனைத் தோட்டம் ஒன்றில் கறுவா, ஏலம், சாதிக்காய் காட்டி விளக்கம் சொல்லும் வேலைக்குப் போனான். நாங்கள் இரத்தோட்டைப் பக்கம் வந்துவிட்டோம். வேலை கிடைத்ததால் வந்தோம் என்று சொல்வேன். அதுவும் ஒரு காரணம். டவுனில் ஒரு தடவை அவனைத் தூரத்தில் கண்டு, நிறுத்தியிருந்த லொறிக்குப் பின்னால் போய் நின்றேன். நாற்பது வயது ஆம்பிளை. கையில் உனக்கு வாங்கிய பள்ளிக்கூடச் சப்பாத்து.

உன் கடிதம் வந்த மறுநாள் பஸ் ஏறிப் பலாபத்வலவுக்குப் போனேன். அம்மாவின் செத்த வீட்டுக்கு அவன் வந்தபோதுகூடக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கையைக் கூப்பியதோடு சரி, இருபத்து நான்கு வருஷத்தில் நாங்கள் தனியே பேசியதில்லை. தோட்டத்துக் கொட்டிலில் இருந்தான். இப்போது ஆட்கள் வருவதில்லை, சண்டை என்றால் எந்த வெளிநாட்டுக்காரன் வருவான். என்னைக் கண்டதும் எழுந்து, கேத்தலை அடுப்பில் வைத்தான். எங்கள் பேச்சு பாதி சிங்களம் பாதி தமிழ். தமிழிலேயே எழுதுகிறேன்.

"விமலே, அன்னைக்கு அது நீதான்னு எனக்குத் தெரியும்" என்றேன். வாசலில் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம்.

"தெரியும் மச்சான். நீ எம்பேரச் சொல்லித்தானே ஒடச்ச."

"நான் பேர் சொன்னேனா?"

"சொன்ன. 'விமலே, ஒன்ன நம்பினேனே'ன்னு சொன்ன. அதுக்கப்பறம்தான் இழுத்த."

பக்கத்தில் கிடந்த வாங்கில் உட்கார்ந்தேன். "பின்ன ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? ஒம் பொண்டாட்டி எங்க கட்டில்ல படுத்திருக்கா, புள்ளத்தாச்சி. எங்கம்மா ஏற்கனவே பயந்து நடுங்கிக்கிட்டு இருக்காங்க. ஒளிச்சு வச்சிருக்கிற பொம்பளயோட புருஷன்தான் எங்கைய ஒடச்சான்னு சொன்னா, அவள ரோட்டுல விட்டிருப்பாங்க. பொல்லால அடிச்சாங்கன்னு சொல்லிட்டேன். ஒரு தடவ சொன்னதுக்கு அப்பறம் மாத்த முடியல. எம்புள்ளைங்களுக்கும் அதுதான் தெரியும். அவங்களுக்குச் சொல்லாத. ஒம் மகனுக்கு வேணும்னா சொல்லு."

பிறகு அவன் சொன்னதைத்தான் நீ முக்கியமாகக் கேட்க வேண்டும். "நானும் மடையன்தான்" என்றான். "கூட்டத்தக் கண்டதும் எனக்கு வேற யோசன வரல. பின்னால வந்து விழுத்திட்டேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டு, கையப் புடிச்சு இழுத்திருந்தா ரெண்டு பேரும் ஆத்துல எறங்கியிருக்கலாம். பழகின ஒடம்பு, பழகினதத்தான் செய்யும். மெத்தையில ரெண்டு பேருதான் இருப்போம். ரோட்டுல எத்தன பேருன்னு படுத்துக்கிட்டு எண்ண முடியாது மச்சான்."

வகுப்பை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். விழும்போது நாடியை நெஞ்சோடு சேர்க்க எனக்குத் தெரிந்திருந்ததால்தான் அன்றைக்கு மண்டை பிளக்கவில்லை. தனியாக, வழியில்லாமல், ஒருவன் உன்மேல் ஏறிவிட்டால் நீ படித்தது உன்னைக் காப்பாற்றலாம், அதையும் மறுக்கமாட்டேன். ஆனால் நீயாகத் தரைக்குப் போகாதே. மாஸ்டரிடம் போய், கீழே கிடப்பவன் சீக்கிரமாக எழுந்து நிற்பது எப்படி என்று கேள், அதையே நூறு தரம் செய். சட்டையை ஒருவன் பிடித்தால் சட்டையை அவனுக்கே கொடுத்துவிட்டு ஓடு. வாயால் கேள், என்ன வேணும் என்று கேள், அவன் மொழியில் கேள். ஓடினால் யார் சிரித்தால் என்ன? நின்றுகொண்டிருப்பவனுக்கு இரண்டு பக்கமும் தெரியும், காதும் கேட்கும். கட்டிப் பிடித்துக் கிடப்பவனுக்குக் கையில் அகப்பட்ட ஆளைத் தவிர ஒன்றும் தெரியாது, அந்த ஆள் யார், எதற்கு வந்தான் என்பதுகூடத் தெரியாது. நீ கழுத்தைப் பிடித்த அந்த மனிதனுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நீ எழுதவில்லை. எழுந்து நடந்து போனானா? பஸ் நிலையத்துக் கடைக்காரர்களிடம் விசாரித்து எனக்கு எழுது. அது தெரியும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

விமலேயின் மூத்த மகன் ராணுவத்தில், வடக்கில் இருக்கிறானாம். "போன் அடிச்சா எடுக்கப் பயமா இருக்கு, அடிக்காட்டி அதவிடப் பயமா இருக்கு" என்றான். கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தது என்றால் எனக்கும் அப்படித்தான் என்றேன். பிறகு விமலே என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட ரோட்டுக்கு வந்தான். வலது கையில் எனக்குக் கொடுப்பதற்கு ஒரு பை பட்டர் பழம். தம்புள்ளைப் பக்கமிருந்து ஒரு பஸ் வேகமாக வந்தது. விமலே இடது கையைத் தூக்கினான். அது நெஞ்சளவுக்குத்தான் வந்தது, வளைந்து நின்றது. டிரைவருக்குத் தெரிந்திருக்காது. பஸ் நிற்காமல் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். அங்கே நிற்கும்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். சரியாகக்கூடக் கேட்கத் தெரியவில்லை, சிங்களத்தில் ஆரம்பித்துத் தமிழில் போய் முட்டிக்கொண்டேன். விமலே ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பையை என் கையில் திணித்தான்.

"சரி மச்சான், பஸ் வருது. நீ கையக் காட்டு" என்றான்.

நான் ரோட்டில் இறங்கிக் கையை முழுக்க நீட்டினேன். பஸ் நின்றது.

அப்பா